பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச் ஆவாரா? ஸ்ரீஜேஷை முன்வைத்து ஒரு கேள்வி

எழும்பூர் கேலரி:

2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கிய கையோடு இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் பேடைக் கழற்றி ஓய்வு பெற்றார். 336 சர்வதேச ஆட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள். ஜூனியர் ஆண்கள் அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர் அவர்தான் என்று ஹாக்கி இந்தியா உடனே அறிவித்துவிட்டது. நடுவில் உதவிக் கோச்சாக ஒரு தொடருக்குக்கூட பெஞ்சில் உட்காரவில்லை.

அதன் பிறகு நடந்தது இது. 2024 ஜோகூர் சுல்தான் கோப்பையில் வெண்கலம். அடுத்து மஸ்கட்டில் பாகிஸ்தானை 5-3 என்று வென்று ஜூனியர் ஆசியக் கோப்பை. 2025 ஜோகூரில் வெள்ளி. ஆண்டுக் கடைசியில் நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் வெண்கலம். அதிலும் காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட்அவுட்டில்தான் தாண்டினோம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5. கடைசி ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று கிடந்து, கடைசி 11 நிமிஷத்தில் நாலு கோல் போட்டு 4-2.

என் கேள்வி அவரைப் பற்றி மட்டும் இல்லை. பெரிய ஆட்டக்காரர் என்பது தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு எந்த அளவுக்கு உதவும்? ஆடும்போது கற்றுக்கொள்ளாத எதையெல்லாம் தனியாகக் கற்க வேண்டும்? கீப்பராக இருந்தவர் என்பதால் ஏதாவது வித்தியாசம் உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ரிவர்ஸ் ஸ்டிக்:

பதக்கப் பட்டியலை வைத்து கோச்சை எடைபோட்டால் தப்பாகிவிடும். நம் வீட்டுக் கதையே அதற்குச் சாட்சி.

1980 மாஸ்கோ தங்க அணியின் கேப்டன் வி. பாஸ்கரன், தமிழ்நாட்டுக்காரர். அதே அணியில் ஆடியவர் எம்.கே. கௌஷிக். 1998 உலகக் கோப்பைக்கு, உட்ரெக்டில், பாஸ்கரன் கோச்; இந்தியா ஒன்பதாவது. அதே வருஷம் டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுக்குக் கௌஷிக் கோச்; 32 வருஷத்துக்குப் பிறகு தங்கம். தன்ராஜ் பிள்ளை இரண்டிலும் ஆடினார். இதை வைத்து ஒருவர் மட்டமான கோச், இன்னொருவர் மகா கோச் என்று தீர்ப்பு எழுத முடியுமா? உட்ரெக்டில் நெதர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா எல்லாம் இருந்தன. பாங்காக்கில் அவை இல்லை. அந்தத் தங்கத்துக்குப் பிறகு தன்ராஜ் உட்பட முக்கிய ஆட்கள் பலர் அணியில் இல்லை, கௌஷிக்கும் பதவியில் நீடிக்கவில்லை. கோச்சின் தலையெழுத்தில் பாதியை ஹாக்கி சங்கம்தான் எழுதுகிறது என்பதை மறக்காமல் மேற்கொண்டு பேசுவோம்.

வெளிநாட்டில் தெளிவான உதாரணங்கள் கிடைக்கின்றன. யெரோன் டெல்மே நெதர்லாந்துக்கு 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஆட்டக்காரர். ஓய்வு பெற்ற மறுநாளே தேசிய அணியைக் கையில் கொடுத்துவிடவில்லை. கிளப்புகள், பிறகு பிரான்ஸ் அணி. 2018 புவனேஸ்வர் உலகக் கோப்பையில் ஒலிம்பிக் சாம்பியன் அர்ஜென்டினாவைப் பிரான்ஸ் 5-3 என்று கவிழ்த்ததே, அந்த பிரான்ஸின் கோச் இவர்தான். 2021-இல் நெதர்லாந்துக்கு வந்தார், 2024 பாரிஸில் தங்கம். அலிசன் அன்னன் ஆஸ்திரேலியாவுக்கு 1996, 2000 தங்கம் வென்றவர். டச்சு கிளப்புகளில் பழகி, டச்சுப் பெண்கள் அணிக்கு 2016 வெள்ளி, 2018 உலகக் கோப்பை, டோக்கியோ தங்கம். பிறகு சீனப் பெண்கள் அணியைப் பாரிஸ் இறுதிவரை கொண்டுபோனார்.

நேர்மாறான வழியும் இருக்கிறது. ரோலன்ட் ஆல்ட்மன்ஸ், மார்குஸ் வைஸே இரண்டு பேருமே வீரர்களாகப் பெயர் பெற்றவர்கள் இல்லை. வைஸே ஜெர்மனிக்கு 2004-இல் பெண்கள் தங்கம், 2008, 2012-இல் ஆண்கள் தங்கம் வாங்கிக் கொடுத்தார். ஆல்ட்மன்ஸ் 1996-இல் நெதர்லாந்துக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில்தான் டெல்மே ஆடினார். அன்னன் ஆடியது ஆஸ்திரேலியக் கோச் ரிக் சார்ல்ஸ்வொர்த்திடம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: அந்த ஆட்டக்காரர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, அவர் யாரிடம் ஆடினார், அங்கே என்ன பார்த்தார் என்பது.

அந்த வகையில் ஸ்ரீஜேஷுக்கு ஒரு சொத்து உண்டு. 2011-இலிருந்து எண்ணினாலே நாப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஆல்ட்மன்ஸ், மாரைனே, ஹரேந்திர சிங், ரீட், ஃபுல்டன் என்று எட்டு தலைமைப் பயிற்சியாளர்கள். ஆஸ்திரேலிய பாணி ஃபுல் பிரஸ் (எதிரணியை அவர்கள் பாதியிலேயே நெருக்குவது), டச்சு பாணி பந்துக் காப்பு, ஃபுல்டனின் தடுத்து ஜெயிக்கும் முறை என்று எல்லாவற்றுக்கும் பின்னால் நின்று பார்த்தவர். எட்டு பேரும் கோல் வாங்கிய மறுநாள் காலை எப்படிப் பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியும். எந்தக் கோர்ஸிலும் கிடைக்காத பாடம் அது.

கிக்கர்ஸ்:

கீப்பர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

மைதானம் 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். தன் ஆட்கள் பத்துப் பேரும் எப்போதும் கண்முன்னால் நிற்கிற ஒரே ஆள் கீப்பர். எதிரணியின் பந்து வலது பேக்கிலிருந்து இடது பேக்குக்கு மாறும்போது நம் மிட்ஃபீல்ட் எத்தனை அடி தாமதமாக நகர்கிறது, எந்த இடைவெளி திறக்கிறது என்பதை அவர்தான் முதலில் பார்க்கிறார், பார்த்துக் கத்துகிறார். தடுப்பாட்ட அமைப்பைக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது. ஆள் நிற்கும் இடத்தைச் சொல்லில் மாற்றுவதுதான் அவர் 18 வருஷமாகச் செய்த வேலை.

பெனால்டி கார்னர் (கோலுக்கு முன்னால் செய்த தப்புக்கு எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு; பந்தை எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி கோலுக்கு அடிப்பார்கள்) தடுப்பிலும் அப்படித்தான். கோல்கோட்டுக்குப் பின்னால் கீப்பரும் அவரோடு இன்னும் நாலு பேரும்தான். முதல் ஓட்டக்காரர் (பந்தை அடிப்பவரை நோக்கிப் பாய்கிற தடுப்பாளர்) எந்தக் கோட்டில் ஓடுகிறாரோ, அதைப் பொறுத்துத்தான் கீப்பர் எந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்வது என்று முடிவாகும். ஓட்டக்காரர் ஒரு பக்கத்து ஃபிளிக்கை மறைத்தால் கீப்பருக்கு மறுபக்கம். இந்த ஒப்பந்தம் குழம்பினால் இரண்டு பேரும் ஒரே பக்கத்தைக் காத்து, மறுபக்கம் காலியாகக் கிடக்கும். இன்னொரு தப்பு, பந்து உள்ளே தள்ளப்படும் முன்பே ஓடிவிடுவது. ஓடியவர் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும், பதிலுக்கு ஆள் கிடையாது, மூன்று பேரோடு தடுக்க வேண்டும். 19 வயதுப் பையன் பதற்றத்தில் செய்கிற முதல் தப்பு இதுதான். அவனோடு அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஆயிரம் முறை நின்றவர் சொன்னால் அது காதில் ஏறும்.

ஷூட்அவுட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 23 மீட்டர் கோட்டிலிருந்து 8 வினாடி. கீப்பர் செய்ய வேண்டியது நேரத்தைத் தின்பது: விசில் கேட்டதும் வேகமாக முன்னேறி கோணத்தைக் குறுக்கி, நிற்கிற கால்களோடு இருந்து, ஆட்டக்காரரை அவருடைய ரிவர்ஸ் பக்கத்துக்குத் தள்ளி, அவர் கோலுக்கு விலகி ஓடும்படி செய்வது. முதல் ஏமாற்று அசைவுக்கே விழுந்துவிட்டால் முடிந்தது. பெல்ஜியத்துக்கு எதிரே நம் ஜூனியர் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் கால்களில் நின்றே ஆடிய விதத்தில் கோச்சின் கை தெரிந்தது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது மறுபக்கம். எதிரணி வட்டம் (அவர்கள் கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) கீப்பருக்கு அறுபது எழுபது மீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபார்வர்ட் எப்போது ஓடத் தொடங்க வேண்டும், டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் எப்படி மறைந்து முன்னால் வர வேண்டும், பேஸ்லைனில் பந்தோடு மாட்டிக்கொண்டால் டிஃபெண்டரின் காலில் பந்தைப் பட வைத்து பெனால்டி கார்னர் வாங்குவதா பின்னால் இழுப்பதா என்பதெல்லாம் உடம்பால் தெரிந்த விஷயமாக அவருக்கு இருக்காது. கண்ணால் தெரியும். அது வேறு. முன்னாள் கீப்பர் தலைமைப் பொறுப்பில் இருந்தால், அட்டாக் கோச்சாக வருபவர் சர்வதேச அளவில் ஃபார்வர்டாகவோ அட்டாக்கிங் மிட்ஃபீல்டராகவோ ஆடியவராக இருக்க வேண்டும். வட்டத்துக்குள் என்ன செய்வது என்பதில் கடைசிச் சொல்லை அவருக்கே விட்டுவிடவும் வேண்டும்.

ஸ்காபரோ ரிங்க்:

வணக்கம். இஞ்ச கனடாவில ஐஸ் ஹொக்கியில இந்தக் கேள்வி வந்தால் எல்லாரும் முதல் எடுக்கிற பெயர் வெய்ன் கிரெட்ஸ்கி. ஆட்டக்காரராக அவருக்கு மேல ஆள் இல்லை. 1999-இல ஓய்வு, 2005-இல நேரடியாக ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் தலைமைப் பயிற்றுநர். அதுக்கு முன்னம் ஒரு பெஞ்சிலும் பயிற்றுநராக நின்றதில்லை. நாலு சீசன், 143 வெற்றி, 161 தோல்வி, மேலதிக நேரத்தில 24 தோல்வி. ஒருமுறைகூட பிளேஆஃபுக்குப் போகேல்லை. அணியும் பலமான அணி இல்லை எண்டதைச் சொல்லத்தான் வேணும்.

இதோட ரொட் பிரின்டமூரை ஒப்பிட்டுப் பாருங்கோ. 2006-இல கரோலைனா ஸ்டான்லி கோப்பை வென்றபோது கப்டன். ஓய்வுக்குப் பிறகு அதே அணியில உதவிப் பயிற்றுநராக ஏழு வருசம். 2018-இல தலைமைப் பொறுப்பு. அதுக்கு முன்னம் ஒன்பது சீசனாக பிளேஆஃப் பார்க்காத அணி, அவருடைய முதல் சீசனிலேயே கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது.

கோலி, அதாவது கோல்கீப்பர், விசயத்தில பட்ரிக் றோய் நல்ல உதாரணம். கியூபெக் ஜூனியர் அணியில பல வருசம் பயிற்றுநர், 2006-இல கனடா ஜூனியர்களுக்கான மெமோரியல் கோப்பை. பிறகு 2013-இல கொலராடோவுக்கு வந்து முதல் சீசனிலேயே 52 வெற்றி, சிறந்த பயிற்றுநர் விருது. ஆனால் 2016-இல, அணியைக் கட்டுற முடிவுகளில தன்ர சொல்லுக்கு இடமில்லை எண்டு விலகிப் போட்டார். ஆட்டத்தைப் படிக்கத் தெரிஞ்சும் நிர்வாகத்தோட ஒத்துப்போகாமல் முடிஞ்ச கதை அது.

இன்னொரு வித்தியாசம். ஐஸ் ஹொக்கியில ஒரு லைன் (சேர்ந்து இறங்குற ஆட்கள்) 40, 50 வினாடிதான் பனியில நிக்கும். வீட்டு அணிக்குக் கடைசியா ஆள் மாத்துற உரிமை இருக்கு. அதால பெஞ்ச் வேலைதான் பாதி ஆட்டம்: எதிரணியின்ர பெரிய லைனுக்கு எதிர ஆரை இறக்கிறது எண்டது ஒவ்வொரு நிமிசமும் எடுக்கிற முடிவு. ஸ்கொட்டி போமன் என்எச்எல்லில, அதாவது வட அமெரிக்கப் பெரிய லீக்கில, ஒரு ஆட்டமும் ஆடினதில்லை. பயிற்றுநராக ஒன்பது ஸ்டான்லி கோப்பை. அந்த வேலையில அவர்தான் உச்சம். உங்கட புல்தரை ஹொக்கியிலும் உருட்டு மாற்று விதி இருக்கே, பெஞ்ச் வேலை அங்க எவ்வளவு பெரிசு?

எழும்பூர் கேலரி:

நல்ல கேள்வி கேட்டீர்கள், ஸ்காபரோ நண்பரே. நானும் அதையேதான் அறிய நினைக்கிறேன். பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் கோச் ஆனதும் தினசரி வேலையில் எங்கே சறுக்குகிறார்? பயிற்சி, பெஞ்ச், அணித் தேர்வு என்று எடுத்துச் சொல்ல முடியுமா?

கோவில்பட்டி லெஃப்ட் அவுட்:

அண்ணாச்சி, சறுக்கல் முதல் நாள் பயிற்சியிலேயே ஆரம்பிச்சிடும். பெரிய ஆட்டக்காரருக்குத் தன் திறமை உடம்பில் ஊறிப்போயிருக்கும். எப்படிச் செய்கிறார் என்று அவருக்கே தெரியாது. "என்னைப் பார்" என்று செய்து காட்டுவார். பையன் பார்ப்பான், கைதட்டுவான், ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டான்.

டிராக் ஃபிளிக்கை (பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து கோலுக்கு வீசுவது) எடுத்துக்கோங்க. பையனுக்கு வேகம் வரவில்லை என்றால் "மணிக்கட்டை இன்னும் சுழற்று" என்பார் பெரிய ஃபிளிக்கர். தப்பு பெரும்பாலும் மணிக்கட்டில் இருக்காது. பந்தைப் பின்னங்கால் பக்கத்தில், உடம்புக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். பையன் முன்னாலேயே எடுத்துவிட்டிருப்பான், இழுக்கிற தூரம் பாதியாகியிருக்கும். அல்லது இடது காலைப் பந்துக்கு ரொம்பப் பக்கத்தில் ஊன்றியிருப்பான், இடுப்பு திரும்ப இடமே இருக்காது. இழந்த வேகத்தை முதுகை வளைத்து ஈடுகட்டப் பார்ப்பான், ரெண்டு மாசத்தில் கீழ்முதுகு வலி என்று உட்காருவான். சரியான வழி: பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்து, காலடி, எடுக்கும் இடம், இடுப்பு, கடைசியாகக் கை என்று பிரித்துப் பார்ப்பது. ஒரு செஷனுக்கு ஒரே ஒரு திருத்தம். முழு வேக ஃபிளிக் முப்பதுக்கு மேல் வேண்டாம், மீதி பாதி வேகத்தில் போதும்.

அடுத்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவது. ஆடினவருக்குத் தப்பு உடனே கண்ணில் படும், உடனே விசில் ஊதுவார். ஒன்றரை மணி நேரத்தில் பையன்கள் நாற்பது நிமிஷம் நின்றுகொண்டே இருப்பார்கள். நாலு நிமிஷம் தடையில்லாமல் ஆட விட்டு, ஒரு நிமிஷம் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசி, மறுபடி நாலு நிமிஷம் என்று வைத்தால் ஆட்டமும் ஓடும், சொன்னதும் பதியும். ஆட்டத்தின் வேகத்தில் மூச்சு வாங்கும்போது எடுக்கிற முடிவுதான் பழக வேண்டியது. நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அது வராது.

ஸ்காபரோ நண்பர் கேட்ட பெஞ்ச் வேலை. எங்கள் ஆட்டம் 15 நிமிஷக் கால்பகுதி நாலு. மாற்றுக்குக் கணக்கு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஃபுல் பிரஸ் ஆடுகிற அணியில் ஃபார்வர்ட் ஐந்தாறு நிமிஷத்துக்கு மேல் நின்றால் ஓட்டம் செத்துவிடும். அவர் அரை அடி தாமதமானால் எதிரணி டிஃபெண்டருக்கு நடுவழி பாஸ் திறந்துவிடும், முழு அமைப்பும் சரியும். கோல் வாங்கியதும் டிஃபெண்டரைத் திட்டுவோம், காரணம் ஐம்பது மீட்டர் முன்னால் களைத்து நின்ற ஃபார்வர்டாக இருக்கும். இங்கேதான் முன்னாள் ஆட்டக்காரர் மாட்டிக்கொள்வார். அவர் கண் பழக்கத்தால் பந்தையே பார்க்கும். மனசுக்குள் அவரும் ஆடிக்கொண்டிருப்பார். மாற்று நேரம் கடந்துபோவது தெரியாது. அதனால் மாற்று அட்டவணையை உதவிக் கோச் ஒருவரிடம் கடிகாரத்தோடு ஒப்படைத்துவிட வேண்டும். தலைமைக் கோச் பந்து இல்லாத பக்கத்தைப் பார்க்கட்டும்.

கார்டுக்கும் முன்னேற்பாடு வேண்டும். பச்சைக்கு 2 நிமிஷம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிஷம் ஆள் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் பத்துப் பேர் எந்த வடிவத்தில் நிற்பது, எந்த ஃபார்வர்ட் உள்ளே இறங்குவது என்பது டிரஸ்ஸிங் ரூமில் முடிவாகியிருக்க வேண்டும். கார்டு வந்த பிறகு பெஞ்சிலிருந்து கத்தினால் கூட்டத்துச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. எழும்பூரில் கேலரி நிறைந்த நாளில் பத்தடி தள்ளி நிற்பவன் சொல்வதே கேட்காதே.

கால்பகுதி இடைவேளை 2 நிமிஷம்தான். ஓடி வந்து தண்ணீர் குடித்து மூச்சு திரும்பவே முக்கால் நிமிஷம் போய்விடும். மிச்சத்தில் இரண்டு விஷயம் சொல்லலாம், மூன்றாவது எவன் தலையிலும் ஏறாது. பெயர் பெற்றவர்கள் இதில் ஏழெட்டு சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு ஏழெட்டு தெரிகிறது.

0-2 பின்தங்கினால் கீப்பரை எடுத்துவிட்டுப் பதினோராவது ஆட்டக்காரரை இறக்கலாம். ஆனால் அவருக்குக் கீப்பர் உரிமை எதுவும் கிடையாது, வட்டத்துக்குள் காலில் பட்டால் பெனால்டி கார்னர்தான். அதை எத்தனையாவது நிமிஷத்தில் செய்வது, பெனால்டி கார்னர் கொடுத்துவிட்டால் கீப்பர் இல்லாமலே யார் யார் நின்று தடுப்பது என்பது எழுதி வைத்த முடிவாக இருக்க வேண்டும். ஆத்திரத்தில் எடுக்கிற முடிவாக இருந்தால் மூன்றாவது கோலும் சேர்ந்து வரும்.

கடைசியாகச் சொல்வது எனக்கு ரொம்பக் கவலையான விஷயம். பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள். 18, 19 வயசுப் பிள்ளை. டோக்கியோவில் கோல்போஸ்ட் மேல் ஏறி உட்கார்ந்த மனுஷனை டிவியில் பார்த்து வளர்ந்தவன். அவர் "புரிஞ்சதா?" என்றால் "புரிஞ்சது சார்" என்பான். முட்டி வலித்தாலும் சொல்ல மாட்டான், அணியிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயம். இதை உடைக்க ஒரே வழி கேள்வியைத் திருப்பிப் போடுவது. வீடியோ கூட்டத்தில் கோச் முதலில் பேசக் கூடாது. மிட்ஃபீல்டர் ஒருவனைப் பலகைக்கு வரவழைத்து, நேற்று நம் பிரஸ் எங்கே உடைந்தது என்று வரையச் சொல்ல வேண்டும். தப்பாக வரைந்தால் அது கோச் சரியாகச் சொல்லிக் கொடுக்காததன் அடையாளம். உடம்பு வலியைக் கேட்பது பிசியோவின் வேலையாக, தினமும் காலையில், கோச் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும்.

மதுரை மிட்ஃபீல்ட்:

மேலே எல்லாரும் உதவிக் கோச்சாகப் பழகணும் என்கிற மாதிரியே எழுதியிருக்கீங்க. ரிக் சார்ல்ஸ்வொர்த் ஆடி முடித்து ஐந்து வருஷத்தில், 1993-இல், நேராக ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்குத் தலைமைக் கோச். 1994, 1998 உலகக் கோப்பை, 1996, 2000 ஒலிம்பிக் தங்கம். பிறகு ஆண்கள் அணியோடு 2010, 2014 உலகக் கோப்பை. 1986-இல் உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரரும் அவரே. அப்படியானால் அந்த விதி உடைகிறதே?

ரிவர்ஸ் ஸ்டிக்:

நியாயமான கேள்வி, தம்பி. சார்ல்ஸ்வொர்த் விதிவிலக்குதான். ஆனால் அவர் வெறுமனே ஆட்டக்காரர் இல்லை. மருத்துவம் படித்தவர், பத்து வருஷம் ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினர். ஆட்டத்துக்கு வெளியே மனிதர்களோடு வேலை வாங்கிப் பழகியவர். அவர் செய்த முக்கியமான காரியமும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது: ஒரே நட்சத்திரத்தைக் கேப்டனாக நிறுத்தி அவர் பின்னால் எல்லாரும் ஓடுவதை மாற்றி, தலைமைப் பொறுப்பைப் பல பேருக்குப் பகிர்ந்தார். எல்லாரும் பொறுப்பு எடுக்கிற அணியில் சுழற்சி முறையில் ஆட்களை மாற்றுவது சுலபம். தானே நட்சத்திரமாக இருந்த ஒருவர் நட்சத்திரத்தை நம்பாத அணியைக் கட்டினார்.

அந்தப் பின்னணி இல்லாதவர்களுக்கு ஜூனியர் அணிதான் சரியான படி. முடிவுக்கான அழுத்தம் குறைவு, கற்றுக்கொடுக்கிற வேலை அதிகம், கோச்சும் கூடவே கற்றுக்கொள்ளலாம். ஆபத்து எங்கே என்றால், அங்கே ஒரு பதக்கம் வந்ததும் சீனியர் அணிக்கு ஏற்றிவிடுகிற நம் அவசரம். ஹரேந்திர சிங் 2016 லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், அதுவும் நீண்ட பயிற்சியாளர் அனுபவத்துக்குப் பிறகு. 2018 மே மாதம் சீனியர் ஆண்கள் அணி. அந்த வருஷம் ஆசிய விளையாட்டில் வெண்கலம், புவனேஸ்வர் உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2. 2019 ஜனவரியில் பதவி போனது. எட்டு மாசத்தில் எந்தக் கோச்சும் ஒரு அமைப்பைப் பதிய வைக்க முடியாது. நாலு வருஷ ஒலிம்பிக் சுற்று ஒன்றை முழுசாகக் கொடுக்க முடியாவிட்டால் முன்னாள் நட்சத்திரத்தை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். ஆளும் வீணாகும், பெயரும் கெடும்.

அணித் தேர்வைக் கோவில்பட்டி நண்பர் விட்டுவிட்டார். பெரிய ஆட்டக்காரர்கள் தங்களைப் போலவே இருப்பவனைத் தேர்ந்தெடுப்பார்கள். துணிச்சலான கீப்பருக்குத் துணிச்சலான டிஃபெண்டர் பிடிக்கும். அமைதியாக இடம் பார்த்து நிற்பவன் கண்ணில் படமாட்டான். முகாம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று நான்கு தகுதிகளை எழுதி, உதவிக் கோச்சுகள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு கூடிப் பேசினால் அந்தச் சாய்வு வெளியே தெரியும். தலைமைக் கோச் தன் தாளைக் கடைசியில் காட்ட வேண்டும். முதலில் காட்டினால் எல்லார் தாளும் அவர் தாளைப் போலவே மாறிவிடும்.

எழும்பூர் கேலரி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு கடைசிக் கேள்வி. கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறவன், ஸ்கோரைத் தவிர, கோச் வேலை செய்கிறாரா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

கிக்கர்ஸ்:

ஒரு தாளும் பேனாவும் போதும். முதலில், நம் ஃபார்வர்ட்கள் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள் என்று ஒரு ஆளை மட்டும் குறியுங்கள். நாலாவது கால்பகுதியிலும் அதே தாளம் இருந்தால் பெஞ்ச் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாவது, இடைவேளை முடிந்த முதல் ஐந்து நிமிஷம்: எதிரணி மாற்றிய அமைப்புக்கு நம் அணி எப்போது பதில் சொல்கிறது. மூன்றாவது, நாம் விட்டுக்கொடுத்த பெனால்டி கார்னர்கள். நாலில் மூன்று ஒரே மாதிரித் தப்பால், ஒரே பக்கத்திலிருந்து வந்தால் முந்தின நாள் வீடியோ கூட்டம் வேலை செய்யவில்லை. ஜெர்மனி ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் இந்த மூன்றையும் குறித்துப் பாருங்கள், பிறகு அர்ஜென்டினா ஆட்டத்துக்கும் குறியுங்கள். இரண்டு தாளையும் இங்கே போட்டால் அதை வைத்துப் பேசலாம்.